காலித் தோட்டாவில் விரல் ரேகை எடுப்பது எப்படி? டிஎன்ஏ, பாலிஸ்டிக்ஸ் சோதனைகள் கெடாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

9 மி.மீ. பிஸ்டலின் காலித் தோட்டா, அதாவது சுட்ட பிறகு வெளியே விழும் வெற்று உறை, வெறும் 19 மி.மீ. நீளம்தான். அந்தச் சின்னப் பித்தளைக் குழாயை விரல் ரேகை நிபுணர், டிஎன்ஏ பிரிவு, எந்தத் துப்பாக்கி சுட்டது என்று பார்க்கும் பாலிஸ்டிக்ஸ் பிரிவு, வெடிமருந்துத் துகள் பார்ப்பவர் என நான்கு பேர் கேட்பார்கள். ஒருவர் வேலையை முடித்துக் கொடுக்கும்போது அடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாமல் போவது அடிக்கடி நடக்கிறது. ரேகையைத் தெரிய வைக்கும் ரசாயனம் டிஎன்ஏவைக் கரைத்துவிடலாம், துப்பாக்கி விட்ட கீறலை அரித்துவிடலாம். அதேபோல டிஎன்ஏவுக்காகத் தேய்த்த பஞ்சுக் குச்சி ரேகையைத் துடைத்துவிடும்.

ஆகவே எந்த ரசாயனம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எது முதலில், எது கடைசியில் என்று கேட்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

## 1. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே கேள்வியை முடிவு செய்யுங்கள்

'தேவையான எல்லாச் சோதனையும் செய்து அறிக்கை தரவும்' என்று எழுதி அனுப்பப்படும் கடிதம் யாருக்கும் உதவாது. எல்லாவற்றையும் முழுமையாகச் செய்ய முடியாத பொருள் இது. விசாரணை அதிகாரியிடம் போனில் பேசியாவது இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்பது வழக்கின் கேள்வியா? அப்படியானால் பாலிஸ்டிக்ஸுக்கு முதல் உரிமை. அதற்குத் தேவையான பகுதியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

துப்பாக்கி ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதில் தோட்டா போட்டது யார் என்பதுதான் சண்டையா? அப்படியானால் ரேகையும் டிஎன்ஏவும் முன்னால் வரும்.

தமிழ்நாட்டில் விரல் ரேகைப் பிரிவு காவல் துறைக்குள் இருக்கிறது. பாலிஸ்டிக்ஸும் டிஎன்ஏவும் தடய அறிவியல் துறையில் இருக்கின்றன. ஒரே பொருள் இரண்டு அலுவலகங்களுக்குப் போய்வர வேண்டும் என்பதால், வரிசையை முதல் நாளே எழுதி இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வது அவசியம். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு சொல்கிறது. அப்படிப் போகிற நிபுணர் அங்கேயே இந்த வரிசையைப் பேசி முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

## 2. தோட்டாவை நான்கு பகுதியாகப் பாருங்கள்

ஒரே பொருளாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. நான்கு பகுதியாகப் பிரித்துப் பாருங்கள்.

அடிப்பகுதி. நடுவில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), அதில் ஃபயரிங் பின் என்ற ஊசி குத்திய பள்ளம், சுற்றிலும் பிரீச் முகம் (தோட்டாவின் அடியைத் தாங்கும் துப்பாக்கிப் பகுதி) பதிந்த தடம், ஓரத்தில் காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் தட்டிய அடையாளம். துப்பாக்கியை அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு இந்தச் சிறு வட்டத்துக்குத்தான். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தோட்டாவை அழுத்தும் விரல் இங்கே நல்ல ரேகையை விடுவது அபூர்வம். எனவே இதைப் பாலிஸ்டிக்ஸுக்கே விட்டுவிடுங்கள்.

விளிம்பும் பள்ளமும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்து இழுத்த தடம் இங்கே இருக்கும். இதுவும் பாலிஸ்டிக்ஸுக்கு.

பக்கச் சுவர். கட்டைவிரலால் அழுத்தி மேகசினில் ஏற்றும்போது விரல் படும் இடம். ரேகையும் டிஎன்ஏவும் தேட வேண்டியது இங்கேதான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நாட்டுத் துப்பாக்கிகளில் சேம்பரின் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) உட்சுவர் கரடுமுரடாக இருக்கும், அந்தக் கீறல் அப்படியே பக்கச் சுவரில் பதியும். அந்த வழக்குகளில் பக்கச் சுவரும் பாலிஸ்டிக்ஸுக்கு முக்கியம். (குழலின் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் பழைய நாட்டுத் துப்பாக்கியில் இந்தப் பேச்சே இல்லை, அதில் காலித் தோட்டா விழாது.)

உட்புறம். வெடித்த மருந்தின் கரியும், பிரைமரிலிருந்து வந்த துகள்களும் உள்ளே ஒட்டியிருக்கும்.

## 3. எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

சுட்ட தோட்டாவில் முழு ரேகை கிடைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள். சுடும்போது பித்தளைச் சுவர் விரிந்து சேம்பரோடு அழுந்துகிறது, சூடான வாயு பின்னால் கசிகிறது, வெளியே இழுக்கப்படும்போது சுவர் முழுக்க உராய்கிறது. அதற்கு முன்பே, மேகசினில் ஏற்றும்போது கட்டைவிரல் வழுக்கிப் போயிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் சில கோடுகள்தான்.

சுடப்படாமல் மேகசினிலேயே தங்கிவிட்ட தோட்டாக்களில் வாய்ப்பு அதிகம். ஒரே வழக்கில் இரண்டும் வந்தால், ரேகைக்கான உழைப்பைச் சுடப்படாதவற்றின் மேல் போடுங்கள்.

## 4. எடுப்பதும் பொதிவதும்

பேனாவையோ குச்சியையோ தோட்டாவின் வாய்க்குள் விட்டுத் தூக்குவது பழைய பழக்கம். ரேகைக்கு நல்லதுதான், ஆனால் உட்புறக் கரியைச் சுரண்டிவிடும். அதே குச்சியால் அடுத்த தோட்டாவையும் தூக்கினால் ஒன்றின் துகள் இன்னொன்றுக்குப் போகும். பிளாஸ்டிக் நுனியுள்ள இடுக்கியால் வாயின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் புது இடுக்கி, புதுக் கையுறை. இரும்பு இடுக்கி வேண்டாம். பித்தளை மென்மையானது, அது போடும் கீறல் பிறகு துப்பாக்கிக் கீறலோடு கலந்து குழப்பும்.

பஞ்சில் சுற்றி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் சுற்றுகிறார்கள். ஆனால் பஞ்சு சுவரில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஒற்றியெடுத்துவிடும், டிஎன்ஏவும் அதோடு போய்விடும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பித்தளை பச்சை பிடிக்கும். பலவற்றை ஒரே கவரில் போட்டால் ஒன்றோடொன்று உரசும். சின்ன அட்டைப் பெட்டியில், சுவர் எதிலும் படாதபடி வாயும் அடியும் மட்டும் தாங்கி நிற்க, ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள்.

தோட்டாவின் மேலேயே எண்ணையோ இனிஷியலையோ கீறக் கூடாது. அடையாளம் எல்லாம் பெட்டியின் மேல், அதே எண் மகஜரில். எந்தத் தோட்டா எந்த இடத்தில் கிடந்தது என்ற வரைபடமும் கூடவே போக வேண்டும். பிறகு எதை ரேகைக்கு, எதை டிஎன்ஏவுக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்ய அது உதவும்.

## 5. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரசாயனங்களை விட முக்கியம், அதே வகைத் தோட்டாவின் மாதிரிகள். அடியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'கேஎஃப்' என்றிருந்தால் கட்கி வெடிமருந்து ஆலையின் தயாரிப்பு. அதே முத்திரை, அதே உலோகத்தில் சில காலித் தோட்டாக்களை வாங்கி வைத்து, எந்த முறையையும் முதலில் அவற்றில் செய்து பாருங்கள்.

காரணம் உலோகம். பித்தளை, நிக்கல் பூசிய பித்தளை, அலுமினியம், அரக்கு பூசிய இரும்பு ஆகிய நான்கும் ஒரே ரசாயனத்துக்கு நான்கு விதமாக நடந்துகொள்ளும். பித்தளையில் அழகாக வேலை செய்யும் கரைசல் அலுமினியத்தை வேகமாக அரிக்கலாம். அரக்குப் பூச்சின் மேல் ஒன்றுமே நடக்காமல் போகலாம். ஷாட்கன்னில் போடும் 12 போர் தோட்டாவில் பிளாஸ்டிக் உடலும் உலோக அடியும் சேர்ந்தே இருக்கும், அதை இரண்டு பொருளாக நினைத்துத் திட்டமிடுங்கள்.

## 6. தொடாமல் செய்யக்கூடியதெல்லாம் முதலில்

முதலில் புகைப்படம். அடிப்பகுதியை மேலிருந்து, அளவுகோலோடு, சாய்வான வெளிச்சத்தில் இரண்டு மூன்று கோணங்களில் எடுங்கள். உங்கள் ஆய்வகத்தில் ஐபிஐஎஸ் போன்ற படப்பதிவு இயந்திரம் இருந்தால், ரசாயனம் எதுவும் படும் முன்பே அடிப்பகுதியை அதில் பதிந்துவிடுவது நல்லது. பிறகு ஏதாவது கெட்டாலும் பழைய நிலையின் பதிவு கையில் இருக்கும். இயந்திரத்தின் பிடிப்பான் பக்கச் சுவரைக் கவ்வும் வகையா என்று முன்பே பாருங்கள். அப்படியானால் அது ரேகையை அழித்துவிடும். ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில் பிசின் உருண்டையில் ஒட்டி நிறுத்துவதும் இந்தக் கட்டத்தில் கூடாது.

அடுத்து, பக்கச் சுவரை மெதுவாகச் சுழற்றிச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வையில் உள்ள உப்பு பித்தளையை லேசாக அரித்து, ரேகையை உலோகத்திலேயே பதித்திருக்கலாம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் காவல் துறையைச் சேர்ந்த ஜான் பாண்ட், லெஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2008ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட ஆய்வுகள் இந்த அரிப்பை வைத்துத்தான். மேலிருக்கும் பிசுக்கைத் துடைத்த பிறகும், சுட்ட பிறகும் அந்தத் தடம் சில சமயம் மிஞ்சுகிறது. உலோகத்துக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்கடத்தும் பொடியைத் தூவினால் அரித்த இடத்தில் பொடி ஒட்டும். இந்த முறைக்கு உடனே போக வேண்டாம். பொடி அடிப்பகுதிப் பள்ளங்களிலும் புகுந்துகொள்ளும். வெறும் கண்ணால் பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை, எதுவும் கெடுவதும் இல்லை. பலர் இந்தப் படியைத் தாண்டி நேராகச் சூப்பர் குளூ ஆவியால் புகையூட்டப் போய்விடுகிறார்கள்.

## 7. உட்புறத் துகள்களை இப்போதே எடுங்கள்

பிரைமரின் ஈயம், பேரியம், ஆன்டிமனி கலந்த துகள்கள் உள்ளே இருக்கும். சந்தேக நபரின் கையிலிருந்து எடுத்த துகளோடு ஒப்பிட இவை தேவைப்படலாம். எப்போது சுட்டது என்று கணிக்க முயல்பவர்களுக்கு உள்ளே தங்கியிருக்கும் ஆவியும் வேண்டும். அந்தச் சோதனை உண்டென்றால் எடுத்த உடனேயே காற்றுப் புகாமல் மூடி முதலில் அங்கே அனுப்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மாதிரியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. சூப்பர் குளூ புகை வாய் வழியாக உள்ளேயும் போய்ப் படியும். சாயக் கரைசல் உட்புறத்தைக் கழுவிவிடும். கன் புளூயிங் என்ற, உலோகத்தைக் கறுப்பாக்கும் திரவத்தில் அமிலமும் செம்பும் செலினியமும் இருப்பதால் உட்புறத்தின் தனிமக் கணக்கே மாறிவிடும். வெளிச்சுவரைத் தொடாமல் உள்ளே மட்டும் மாதிரி எடுங்கள்.

## 8. டிஎன்ஏவா, ரேகையா?

இங்கேதான் நிஜமாகவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. டிஎன்ஏ எடுக்கும் வழிகள் எல்லாமே ரேகைக்கு எதிரி. ஈரப் பஞ்சுக் குச்சி தேய்க்கும் இடத்தை அழிக்கும். தோட்டாவை முழுதாகக் கரைசலில் ஊறப்போடும் முறை சுவரில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் 2011இல் வெளியிட்டது இந்த ஊறவைக்கும் முறையைத்தான். டிஎன்ஏவுக்கு நல்ல முறை, ஆனால் அதற்குப் பிறகு பிசுக்கில் ரேகை தேடுவதில் அர்த்தமில்லை.

டிஎன்ஏவுக்கு இன்னொரு எதிரி பித்தளையே. வியர்வை ஈரத்தில் கரையும் செம்பு அயனிகள் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன, பிறகு டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையையும் தடுக்கின்றன. செம்பைக் கட்டிப்போடும் இடிடிஏ போன்றவற்றைச் சேர்ப்பது இதற்காக. அது அளவு மீறினால் பிசிஆருக்குத் தேவையான மக்னீசியத்தையும் கட்டிப்போடும், ஆகவே அளவை டிஎன்ஏ பிரிவே சொல்லட்டும். தோட்டா அலமாரியில் காத்திருக்கக் காத்திருக்கச் சேதம் கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

என் தேர்வு இப்படி. சாய்வு வெளிச்சத்தில் கோடுகள் தெரிந்தால் ரேகை முதலில். சுட்ட பித்தளைத் தோட்டா, சுவரில் ஒன்றுமே தெரியவில்லை, யார் ஏற்றியது என்பதுதான் கேள்வி என்றால் டிஎன்ஏ முதலில். சுடப்படாத தோட்டா என்றால் சூப்பர் குளூ முதலில். பல தோட்டாக்கள் இருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள், சில டிஎன்ஏவுக்கு, சில ரேகைக்கு.

பல தோட்டாக்களில் எடுத்த மாதிரியை ஒன்றாகச் சேர்த்தால் டிஎன்ஏ அளவு கூடும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் இரண்டு துப்பாக்கிகள் சுட்டிருந்தால் இரண்டு பேரின் டிஎன்ஏ கலந்து, பிரிக்க முடியாத கலவையாகிவிடும். 6ஆம் படியில் எடுத்த அடிப்பகுதிப் படங்களை வைத்து, ஒரே துப்பாக்கி போலத் தெரிபவற்றை மட்டும் சேருங்கள்.

## 9. சூப்பர் குளூ புகையூட்டல்

ரேகை முறைகளில் மற்ற சோதனைகளோடு நன்றாக ஒத்துப்போவது இதுதான். சயனோஅக்ரிலேட் ஆவி ரேகைப் பிசுக்கின் மேல் வெள்ளையாக இறுகிப் படிகிறது. அமிலம் இல்லை, கழுவுதல் இல்லை. டிஎன்ஏ கொஞ்சம் குறையலாம், ஆனாலும் பிறகு எடுக்க முடிகிறது.

பெட்டியின் ஈரப்பதம் 80 சதவீதம், பசை சூடாகும் தட்டு 120 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். தோட்டாவைச் சுத்தமான கண்ணாடிச் சில்லின் மேல் அடி கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள். அடிப்பகுதிக்குப் புகை அதிகம் போகாது, டேப் ஒட்டி மறைக்க வேண்டிய தேவையும் இருக்காது. டேப்பின் பசை பிரைமரில் ஒட்டினால் அது தனித் தொல்லை.

இப்படி நிறுத்தும் முன் பிரைமரை லென்ஸில் பாருங்கள். சாதாரணமாக அது அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே தள்ளியிருக்கும், கண்ணாடியில் படாது. தோட்டாவின் அடிக்கும் பிரீச் முகத்துக்கும் இடையே இடைவெளி அதிகமுள்ள நாட்டுத் துப்பாக்கியில் சுட்டிருந்தால் பிரைமர் பின்னால் பிதுங்கியிருக்கலாம். அதைக் கண்ணாடியின் மேல் வைத்தால் முக்கியமான தடமே உராயும். அப்போது விளிம்பை மட்டும் தாங்கும் வளையம் வேண்டும்.

சோதனை ரேகை வைத்த கறுப்பு பிளாஸ்டிக் துண்டு வெளுக்கத் தொடங்கியதுமே நிறுத்துங்கள். புதியவர்கள் இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். குறைவாகப் படிந்தால் மறுபடி புகையூட்டலாம். அதிகமாகப் படிந்தால் சுவர் முழுக்க உறைபனி போல வெள்ளையாகி ரேகையும் மறையும், சேம்பர் கீறலும் மறையும். அசிட்டோனால் கழுவலாம்தான். ஆனால் அது டிஎன்ஏவையும் கொண்டுபோகும், பிரைமரைச் சுற்றிப் பூசியிருக்கும் சிவப்பு அல்லது பச்சை அரக்கு வளையத்தையும் கரைக்கும். அந்த வளையத்தின் நிறம் தயாரிப்பை ஒப்பிட உதவும் தடயம்.

சோதனை ரேகை என்பது உங்கள் டிஎன்ஏவும்தான். அதைத் தோட்டாவிலிருந்து தள்ளிப் பெட்டியின் மூலையில் வையுங்கள். ஒவ்வொரு வழக்குக்குப் பிறகும் பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோருடைய டிஎன்ஏ விவரமும், அவர்களுடையது கலந்திருந்தால் கண்டுபிடித்து நீக்குவதற்காக, ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் படம் எடுங்கள். வளைந்த சுவரில் ஒரு குறுகிய பட்டைதான் ஒரு நேரத்தில் ஃபோகஸில் இருக்கும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்கள் வேண்டும்.

## 10. சாயத்துக்கு முன் ஒரு நிறுத்தம்

டிஎன்ஏ இன்னும் எடுக்கவில்லை என்றால் இதுதான் கடைசி வாய்ப்பு. கோடுகள் தெரியும் இடத்தை விட்டு, மற்ற இடங்களில் ஈரப் பஞ்சுக் குச்சியும் பிறகு உலர்ந்த குச்சியும் வைத்து எடுங்கள். எடுத்த இடத்தைப் படத்தில் குறியுங்கள்.

அப்புறம் சாயம். பேசிக் யெல்லோ 40 சாயத்தைப் பூசிக் கழுவி, நீல ஒளியில் மஞ்சள் வடிகட்டி வழியாகப் பார்த்தால், வெள்ளையில் தெரியாத கோடுகளும் ஒளிரும். சாயக் கரைசலும் கழுவும் நீரும் டிஎன்ஏவை அடித்துக்கொண்டு போகும் என்பதால்தான் மேலே சொன்ன நிறுத்தம். முழுதாக முக்காமல் சொட்டுக் குழாயால் சுவரில் மட்டும் விடுங்கள்.

## 11. கன் புளூயிங்: எல்லாம் முடிந்த பிறகு மட்டும்

இதில் செலினஸ் அமிலமும் செம்பு உப்பும் இருக்கின்றன. பித்தளையின் மேல் கறுப்பாகப் படியும், பிசுக்கு உள்ள கோடுகளை மட்டும் தொடாது. கறுப்புப் பின்னணியில் கோடுகள் பித்தளை நிறத்திலேயே பளிச்சென்று நிற்கும். சூப்பர் குளூ படிந்த கோடுகள் அமிலத்தை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆகவே 9ஆம் படிக்குப் பிறகு செய்தால் பலன் கூடும். அமிலம் சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு முறையும் இதே மாதிரி உலோகத்தைத் தாக்குவதுதான்.

இதற்குப் பிறகு டிஎன்ஏவை எதிர்பார்க்காதீர்கள். துப்பாக்கித் தடங்களைப் பொறுத்தவரை எல்லாம் நேரத்தில் இருக்கிறது. சில நொடிகள் மட்டும் பட்டால் பெரிய கீறல்கள் தப்பிக்கும். நேரம் கூடினால் மைக்ராஸ்கோப்பில் பொருத்திப் பார்க்கும் நுண்கோடுகள் மழுங்கும், அமிலம் அரித்த புள்ளிகள் புதிதாக வரும். கறுப்பு நிறம் வெளிச்சத்தை விழுங்குவதால் ஒப்பீடும் கடினமாகும்.

வாய் கீழே இருக்க, விளிம்பும் அடியும் திரவத்துக்கு மேலே நிற்கும்படி முக்குங்கள். லென்ஸை எடுக்காமல் பாருங்கள். கோடு தெரிந்த நொடியில் வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் முக்கி, ஊதி உலர்த்துங்கள். நன்றாகக் கழுவாவிட்டால் உள்ளே தங்கிய அமிலம் பெட்டிக்குள்ளும் அரித்துக்கொண்டே இருக்கும். செலினியம் சேர்மங்கள் நச்சு. ஃபியூம் ஹூடும் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு) கையுறையும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

## 12. சுடப்படாத தோட்டா

மருந்தும் பிரைமரும் உயிரோடு இருக்கும் தோட்டாவுக்கு அமிலம், உயர் மின்னழுத்தம், சூடு மூன்றும் தடை. சூப்பர் குளூ பெட்டியில் வைப்பதானால் சூட்டுத் தட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, பாலிஸ்டிக்ஸ் அதிகாரியின் எழுத்து அனுமதியோடு. ஊசி குத்தியும் வெடிக்காத தோட்டாவை நீங்கள் தொடுவதற்கு முன் அவரே பார்க்கட்டும்.

குண்டைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் பிரிக்கும் கருவி கவ்வும் இடத்தில்தான் ரேகை இருக்கும். பிரித்த பிறகும் பிரைமர் உள்ளேயே இருக்கும். ஆகவே புகையூட்டல், படம், டிஎன்ஏ குச்சி எல்லாம் முடிந்த பிறகே பிரிப்பது.

## 13. பாலிஸ்டிக்ஸுக்கு ஒப்படைக்கும்போது

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித் தாள். எந்த ரசாயனம், எந்தப் பகுதியில், எவ்வளவு நேரம், முன்னும் பின்னும் எடுத்த படங்களின் எண். 'ரேகை சோதனை செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. அமிலம் போட்ட புள்ளியைத் துப்பாக்கி போட்ட அடையாளம் என்று அங்கே ஒருவர் எடுத்துக்கொண்டால், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் மாட்டுவது அவரது அறிக்கை.

சந்தேகத் துப்பாக்கி கிடைத்து, சோதனைக்காகச் சுட்டு எடுக்கும் தோட்டாக்களில் ஒன்றுக்கு, தடயத் தோட்டாவுக்குச் செய்த அதே முறையை அதே நேரக் கணக்கில் செய்து தரச் சொல்லுங்கள். கறுத்த தோட்டாவைப் பளபளக்கும் தோட்டாவோடு ஒப்பிடுவதை விடக் கறுத்ததைக் கறுத்ததோடு ஒப்பிடுவது எளிது. அந்த முறை நுண்கோடுகளை எவ்வளவு மாற்றியது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சுட்டவற்றில் இரண்டையாவது எந்த ரசாயனமும் படாமல் தனியாக வைத்திருக்கட்டும்.

பொருளைத் திரும்ப வைக்கும்போது பழைய பெட்டியில் போடாதீர்கள். பழைய பெட்டியில் உதிர்ந்த துகளும் தடயம்தான், அதைத் தனியாக மூடி முத்திரையிட்டுக் கூடவே அனுப்புங்கள்.